சுபாவத்தில் பங்கு: குமரி மாவட்டச் சபைகளில் உபதேசிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளில் உபதேசம் சொல்லித்தருகிற ஆயர்மாருக்கும் பங்குத்தந்தையருக்கும் பாஸ்டர்மாருக்கும், ஓய்வுநாள் பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் பாடம் தயாரிக்கிற எல்லாருக்கும்,

ஸ்தோத்திரம். இயேசுவுக்கே புகழ். பிரைஸ் த லார்ட். ஒரே மடலில் மூன்று வணக்கமும் போட்டுவிட்டேன். மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறினால் இந்த மூன்றையும் ஒரே சீட்டில் கேட்கலாம், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 47 பேர் கிறிஸ்தவர்கள். லத்தீன் கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன், இரட்சணிய சேனை, சீரோ மலபார், சீரோ மலங்கரை, ஆர்த்தடாக்ஸ், பெந்தெகொஸ்தே என்று எத்தனை வாசல்! எல்லா வாசலுக்கும் பொதுவான ஒரே ஒரு வசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் குலசேகரம் பக்கத்துக்காரி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. 22 வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இறையியல் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. வாசிப்பு மட்டும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பாடம் முடிந்து பிள்ளைகள் எல்லாம் ஓடின பிறகும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெஞ்சை விட்டு எழும்பவில்லை. அவனுடைய கூட்டுக்காரன் அய்யா வைகுண்டரை வழிபடுகிற அய்யாவழிக் குடும்பம். அவர்களோடு சேர்ந்து அவர்களுடைய தலைமைப்பதி இருக்கிற சாமித்தோப்புக்குப் போய்வந்திருக்கிறான். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். விளக்கு வெளிச்சத்தில் கும்பிடுகிறவனுக்கு அவன் முகமே தெரியும். "தெய்வம் உனக்குள்ள இருக்குன்னு அர்த்தம்" என்று கூட்டுக்காரன் விளக்கம் சொல்லிவிட்டு, "உங்க கோயில்ல இதப்பத்தி என்ன சொல்லுவாவ?" என்று கேட்டிருக்கிறான். இவனுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தான்.

இரண்டாம் பேதுரு முதல் அதிகாரம் நாலாம் வசனத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "இச்சையினால் உலகத்திலுண்டான கேட்டுக்குத் தப்பி, திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு, மகா மேன்மையும் அருமையுமான வாக்குத்தத்தங்களும் அவைகளினாலே நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது." தட்டித் தடுமாறி வாசித்து முடித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்பம் நம்ம தெய்வமாட்டு ஆயிருவோமா டீச்சர்?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

ஒரு மூத்த உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். ஊரும் பேரும் வேண்டாம், நல்ல மனுஷர். டீ கொடுத்து உட்கார வைத்து, "அதப் பிள்ளைங்களுக்கு எடுக்காதீங்க டீச்சர். தேவர்களைப்போல் இருப்பீர்கள்னு முதல்ல சொன்னது யாரு? பாம்பு" என்றார். நாம் மண், நாம் புழு, கிருபையால் பிழைக்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது அவர் அறிவுரை. போகும்போது, "பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பழமொழியும் சொல்லி அனுப்பினார்.

அதே மாதம் ஒரு கன்வென்ஷனுக்குப் போயிருந்தேன். அதற்கும் பெயர் வேண்டாம். மேடையில் இருந்தவர் எண்பத்திரண்டாம் சங்கீதத்தை எடுத்து, "நீங்கள் தேவர்கள் என்று எழுதியிருக்கிறதா இல்லையா? நீங்கள் குட்டி தேவர்கள்! வாயைத் திறந்து சொல்லுங்கள், நடக்கும்!" என்றார். வீடு, கார், விசா எல்லாவற்றையும் வாயால் வரவழைக்கச் சொன்னார். மைக் செட்டு அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் தேம்பித் தேம்பி அழுதாள். மகனுக்கு மூன்று தடவை விசா மறுத்துவிட்டார்களாம். அதற்குக் காரணம் தன்னுடைய அவிசுவாசம்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஒருவர் வசனத்தைப் பூட்டி வைக்கிறார், இன்னொருவர் அதை ஏலம் போடுகிறார். பையனுக்குப் பதில் இரண்டு இடத்திலும் இல்லை. இந்த மடல் எழுத அதுதான் காரணம்.

முதலில் பாம்பு. உபதேசியார் சொன்னது லேசான காரியம் இல்லை, நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்த அதிகாரத்துக்கு இரண்டு அதிகாரம் முன்னாலேயே, "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக" என்று தேவன் சொல்லிவிட்டாரே. அப்பன் பிள்ளை பேருக்கு எழுதி வைத்திருக்கிற நிலத்தை, "வா, ராத்திரியோடு ராத்திரி வேலியைத் தள்ளிப் போடலாம்" என்று அந்தப் பிள்ளையையே ஒருவன் கூப்பிட்டால் எப்படி? பாம்பு செய்தது அதைத்தான். வாங்கவேண்டியதைத் திருடச் சொன்னது. நிலம் பொய் இல்லை, வழிதான் பொய். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் கிறிஸ்துவைப் பற்றி என்ன சொல்கிறார்? தேவனுக்குச் சமமாயிருப்பதை அவர் "கொள்ளையாடின பொருளாக எண்ணாமல், தம்மைத்தாமே வெறுமையாக்கி" வந்தார் என்கிறார். கொள்ளை என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் ஏதேன் தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சங்கீதத்துக்கு வருகிறேன். "நீங்கள் தேவர்கள்" என்று அங்கே சொல்லப்படுவது அநியாயமாய்த் தீர்ப்புச் செய்கிற நியாயாதிபதிகளிடம். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யுங்கள் என்று கர்த்தர் அவர்களைக் கண்டிக்கிற இடம் அது. அடுத்த வரியே, "ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து" என்று போகிறது. ஆமென் வாங்கின பிரசங்கியார் அந்த வரிக்கு முன்னால் வேதத்தை மூடிவிட்டார். சபைத் தேர்தலில் தோற்றால் கோர்ட்டுக்குப் போகிற நம்முடைய கமிட்டிகளுக்கு அந்தச் சங்கீதம் முழுதும் வாசிக்கப்பட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாய் ஒரு ஆசை. சரி, அது வேறு மடல்.

இப்போது அந்தச் சொல். பங்குள்ளவர்கள். கத்தோலிக்கர் இறைத்தன்மை என்பார்கள், நாங்கள் திவ்விய சுபாவம் என்போம். ஆனால் பங்கு என்ற சொல்லில் நமக்குள் சண்டை இல்லை. கிரேக்கத்தில் அது கொய்னோனோஸ். இதே சொல் லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. வலை கிழிய மீன் பட்ட அந்தக் காலையில், செபெதேயுவின் குமாரர் சீமோனுக்குக் "கூட்டாளிகள்" என்று எழுதியிருக்கிறதே, அங்கே மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். படகில் கூட்டு, வலையில் கூட்டு. இரண்டாம் பேதுருவைப் பேதுருவேதான் எழுதினாரா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள், வாதாடட்டும். மீன்காரன் பெயரில் வந்த நிருபத்தில் படகுக் கூட்டாளியின் சொல் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மலைப்பக்கத்துக்காரியான எனக்கு அந்தச் சொல்லின் கனம் முதலில் தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த கடற்கரை ஊர் டீச்சர் ஒருத்திதான் விளக்கினாள். அவள் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். "எங்க ஆளுங்க கூலிக்குப் போறதில்ல, பங்குக்குப் போறாங்க" என்றாள். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிப்பார்கள். மிஞ்சினதில் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. மீன் படவில்லை என்றால் பங்கும் இல்லை, செலவு மட்டும் கடனாய்த் தலையில் நிற்கும். கூலிக்காரன் என்றால், மீன் பட்டாலும் படாவிட்டாலும் என் கூலியைத் தா என்று கேட்பான். பங்குக்காரனால் அப்படிக் கேட்க முடியாது. படகுக்கு என்ன வருகிறதோ அதுதான் அவனுக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது என்ன வந்தது என்று தூத்தூர் வட்டாரத்துக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்ட பிறகு பேதுருவின் முதல் நிருபத்தைத் திரும்ப எடுத்தேன். அங்கேயும் இதே குடும்பத்துச் சொல் கிடக்கிறது. "கிறிஸ்துவின் பாடுகளுக்கு நீங்கள் பங்காளிகளானதால்" சந்தோஷப்படுங்கள் என்கிறார் நாலாம் அதிகாரத்தில். ஐந்தாம் அதிகாரத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, பாடுகளுக்குச் சாட்சி, இனி வெளிப்படும் மகிமைக்குப் பங்காளி என்கிறார். பாடு ஒரு பக்கம், மகிமை ஒரு பக்கம் என்று பிரித்து எடுத்துக்கொள்ள அவர் விடவில்லை. ஒரே படகு. கன்வென்ஷன் மேடையில் சொன்ன குட்டி தேவர்கள் கதையில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. அது பங்கு இல்லை, முதலாளித்தனம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீனை எண்ணுகிற வேலை. புழு உபதேசமோ கூலிக்காரனின் உபதேசம். குனிந்து வேலை செய், மோட்சம் என்ற சம்பளம் வரும், படகு யாருடையது என்று கேட்காதே. இரண்டுமே மேலே உள்ள வசனத்தில் எழுதியிருக்கவில்லை.

அடுத்தது, நம்முடைய மச்சில் கிடக்கிற பெட்டிகளைப் பற்றி. ஒவ்வொரு சபையும் இந்த உபதேசத்தை யாரோ வெளியூர்க்காரனுடைய சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் எல்லா வீட்டு மச்சிலும் அது இருக்கிறது.

328இல் அலெக்சாந்திரியாவுக்கு ஆயரான அத்தனாசியுஸ் ஐந்து தடவை ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர். கிறிஸ்து மனிதரானது நாம் தெய்வமாக்கப்படும்படிக்கே என்று எழுதினவர் அவர்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இந்த வரியை மட்டும் நீட்டினால் பயந்துதான் போகும். ஆனால் அவர் ஏன் அதைச் சொன்னார் என்று பாருங்கள். குமாரன் படைக்கப்பட்டவர், முழு தெய்வம் அல்ல என்று ஆரியுஸ் கூட்டத்தார் சொல்லிக்கொண்டிருந்த காலம். அத்தனாசியுஸ் அவர்களுக்குக் கொடுத்த பதிலின் சாரம் நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இவ்வளவுதான்: தன்னிடம் இல்லாததை ஒருவன் எப்படிப் பங்கு வைப்பான்? கிறிஸ்து மெய்யான தெய்வம் இல்லை என்றால் நமக்குப் பங்கு கிடைக்காது. நமக்குப் பங்கு கிடைக்கிறது என்றால் அவர் தெய்வம்தான். ஆரியுஸ் பேச்சைத் தள்ளி விசுவாச அறிக்கை எழுதின நிசேயா சங்கம் கூடினது 325இல். 2025இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்ததை உலகமெங்கும் கொண்டாடினார்கள். அந்த விசுவாச அறிக்கைக்கு அடியில் இந்த உபதேசம்தான் அஸ்திவாரக் கல்லாய்க் கிடக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னோம்? திருவிதாங்கோட்டில் இருக்கிற பழைய ஆர்த்தடாக்ஸ் கோயிலான அரைப்பள்ளிக்குப் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுகிறோம். அந்த ஆர்த்தடாக்ஸ் மக்கள் அத்தனாசியுஸைத் தங்கள் பிதாவாகக் கொண்டாடுகிறவர்கள். அங்கே போய் நின்றுகொண்டு சுவரை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

லுத்தரன் சகோதரர்களுக்கு: தீயில் கிடக்கிற இரும்பு தீயைப்போலவே கனல்கிறதே, அந்த உவமையை பழைய பிதாக்களோடு லுத்தரும் எடுத்துக் கையாண்டிருக்கிறார். இரும்பு இரும்புதான். ஆனால் தீ சுடுகிற மாதிரியே சுடும். எங்கள் சிஎஸ்ஐ வீட்டுக்கு: 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷன் வழியில், சீர்திருத்தக்காரரான கால்வினுடைய வாசனை நிறையவே உண்டு. அந்தக் கால்வின் இதே வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது, கடைசியில் நம்மைத் தேவனுக்கு ஒப்பாக்குவதுதான் சுவிசேஷத்தின் முடிவு, சொல்லப்போனால் தெய்வமாக்குவது என்று துணிந்து எழுதுகிறார். கூடவே, சுபாவம் என்றால் இங்கே தன்மை, தேவனுடைய சாரம் அல்ல என்று வேலியும் கட்டுகிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் நெஞ்சு அனல்கொண்ட 1738 மே 24 சாயங்காலம் எல்லாருக்கும் தெரியும். அன்று விடியற்காலை ஐந்து மணிவாக்கில் புதிய ஏற்பாட்டைத் திறந்தபோது அவர் கண்ணில் பட்ட வசனம் எது? இதேதான். சாயங்காலத்தைப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். காலையை ஒரு தடவைகூட யாரும் சொல்லவில்லை.

சாரம், தன்மை என்று கேட்டால் பையன் முழிப்பான். அதற்குக் கிரேக்கப் பிதாக்கள் சொன்ன சூரியன் உவமை போதும். பதினான்காம் நூற்றாண்டில் தெசலோனிக்கேயில் பேராயராக இருந்த கிரகோரி பலாமாஸ் அதை விரிவாகப் பேசினவர். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று காலை வெயில் காய்கிறவன் சூரியனைத் தொடவில்லை, தொடவும் முடியாது. ஆனால் அவன் தோளில் விழுவது சூரியனுடைய வெயில்தான், வேறு எதனுடையதும் அல்ல. தேவன் தமக்குள் என்னவாய் இருக்கிறாரோ அது நமக்கு எட்டாது. அவர் வெளியே பாய்ச்சுகிற ஜீவன் நமக்குள் வரும். அதுவும் அவர்தான்.

கத்தோலிக்கத் தந்தையரே, உங்கள் பெட்டி மச்சில்கூட இல்லை, பலிபீடத்தின் மேலேயே இருக்கிறது. மேலே சொன்ன கடற்கரை டீச்சருடைய மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன் வரிசையில் இடம் கிடைத்தது. காணிக்கை நேரத்தில் குருவானவர் இரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, சின்ன ஜாடியிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் விட்டார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. பாட்டுக் குழு முழு மூச்சில் பாடிக்கொண்டிருந்தது, கேமராக்காரர் மாப்பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொட்டு விழுந்ததை அன்று அந்தக் கோயிலில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அப்புறம் அந்த டீச்சரிடம் கேட்டேன், "அது என்ன சொல்லுறாரு?" ஐம்பது வருஷமாகப் பூசை காண்கிறவள், "தெரியாது, பாத்ததே இல்ல" என்றாள். அவளே பங்குத்தந்தையிடம் கேட்டு வந்து சொன்னாள். நம் மனிதத்தன்மையில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்தினவருடைய இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பதுதான் அந்த மன்றாட்டாம். எனக்கு அப்படியே இரண்டாம் பேதுரு கேட்டது. பூசைதோறும் இதைச் சொல்கிறீர்கள். சொல்லும்போது ஒருவருக்கும் கேட்பதில்லை. முறை அப்படி என்றால் இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பிலாவது ஒரு நாள் அந்தச் சொட்டைப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து பார்க்கட்டுமே.

ஒரு சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. சொட்டு இரசத்தில் கரைந்து காணாமல் போகிறதே, நாமும் அப்படித்தானா? அப்படி இல்லை. கடலில் விழுந்த துளிபோல மனிதத்தன்மை தெய்வத்தன்மையில் கரைந்துபோயிற்று என்ற பேச்சைச் சபை ஐந்தாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. கிறிஸ்துவுக்குள்ளேயே அது கரையவில்லை என்றால் நமக்குள் எப்படிக் கரையும்? உவமை என்றால் ஓர் இடத்தில் நொண்டத்தான் செய்யும். அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்து உவமை ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி ரப்பர் நாற்றங்கால் வைத்திருக்கிறான். அப்பாவிடம் கற்ற வேலை. விதை போட்டு முளைத்த கன்று காட்டுக் கன்று, அதை அப்படியே விட்டால் மரமாகும், பால் காணாது. அதனால் கன்றின் தண்டில் அடிப்பக்கம் தோலைச் சதுரமாய்க் கீறித் திறந்து, நல்ல ரக மரத்துக் கொம்பிலிருந்து மொட்டோடு எடுத்த ஒரு துண்டுத் தோலை உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவான். பார்க்க ஒரு சின்னக் காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரி இருக்கும். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, வைத்த தோலை நகத்தால் லேசாய்க் கீறிப் பார்ப்பான். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கருத்திருந்தால் போச்சு. பிடித்த கன்றில் மொட்டுக்கு மேலே உள்ள பழைய தலையை ஒரே வெட்டாய் வெட்டிவிடுவான். சின்ன வயதில் அந்த வெட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நல்லா வளர்ந்த கன்றின் தலையை ஏன் வெட்டுகிறீர்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு மொட்டு விழித்து, அதுவே மரமாகும். வேர் பழைய வேர்தான். மரம் புது மரம்.

இதில் எனக்கு வியப்பான காரியம் ஒன்று. ரோமர் பதினோராம் அதிகாரத்தில் பவுல் இதைத் தலைகீழாய்ச் சொல்கிறார். நாம் காட்டு வேரில் நல்ல மொட்டை ஒட்டுகிறோம். அவரோ காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டுகிறார். எந்த விவசாயியும் அப்படிச் செய்ய மாட்டான், நஷ்டம். பவுலுக்கும் அது தெரிந்துதான் இருக்கிறது. "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று அவரே ஒத்துக்கொள்கிறார். சுபாவம்! பிறவிக் குணம் போகாது என்று சொன்ன உபதேசியாருக்கு இந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பழமொழி சரிதான். காட்டுக் கிளை தானாக நல்ல கிளை ஆகாது. அதனால்தான் சுபாவத்துக்கு விரோதமாய் ஒருவர் கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒட்டினபின் அந்தக் கிளை மரத்தின் "வேருக்கும் சாரத்துக்கும்" உடன்பங்காளி ஆகிறது. அது மரத்தின் வேராக ஆகிவிடுவதில்லை, கிளையாகவே இருந்து வேரின் சத்தைக் குடிக்கிறது. கரைவதும் இல்லை, தனியாக நிற்பதும் இல்லை.

இன்னும் ஒன்று, தம்பி சொன்னது. ஒட்டு பிடித்து மரம் எழும்பி வருகிற காலத்தில் அடியிலிருந்து காட்டு முளை வந்துகொண்டே இருக்கும். அதைக் கிள்ளிக்கொண்டே இருக்கணும். விட்டால் சத்தை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். "ஒட்டு வச்சாச்சுன்னு தூங்கப் போனவன் தோட்டம் உருப்படாது" என்பான். பேதுருவும் நாலாம் வசனத்தோடு தூங்கப் போகவில்லை. ஐந்தாம் வசனம், "இப்படியிருக்க, நீங்கள் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" என்று தொடங்கி, விசுவாசத்தோடே தைரியம், தைரியத்தோடே ஞானம், அப்புறம் இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம் என்று அடுக்கிக்கொண்டு போய் அன்பில் நிறுத்துகிறார். சுபாவத்தில் பங்கு என்றால் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்கிறவனுக்கு இந்த வரிசைதான் பதில். இதில் விசா இல்லை, கார் இல்லை.

இந்த உபதேசம் இந்த மண்ணுக்கு ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலே உடுத்திக்கொள்ளலாம் என்று விளம்பரம் போட்டது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. உடுத்திக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. எத்தனை தடவை வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். மூடிக்கொள், ஆனால் எங்களைப்போல ஆகிவிடாதே. ராஜா முதல் ஊர்ப் பெரிய வீட்டுக்காரன் வரை மனிதனிடம் மனிதன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். எங்கள் குளத்தில் இறங்காதே, எங்கள் தெருவில் நடக்காதே, எங்களைப்போல உடுத்தாதே. எங்கள் பூட்டி அதைக் கேட்டு வளர்ந்தவள். அதே ஊரில், அதே காலத்தில், ஓலைக் கூரைக் கோயிலில் வாசிக்கப்பட்ட வேதத்தில் தேவன் நேர் எதிராய்ப் பேசுகிறார். என்னைப்போல ஆகு. என் பரிசுத்தத்துக்குப் பங்குள்ளவளாகு. இந்த வசனத்தை அன்றைக்கு யாராவது பூட்டிக்கு விளக்கிச் சொன்னார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை. இன்றைக்கு அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் விளக்காமல் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

நட்டாலத்து நீலகண்டனையும் நினைத்துக்கொள்கிறேன். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம். அரண்மனை உத்தியோகக்காரர், சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து உட்கார்ந்தார் என்பது அவர்மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு. சுரூபத்துக்கு மாலை போடுகிறோம், நல்லது. ஆனால் இன்னமும் கல்யாணப் பேச்சு என்று வந்தால் முதலில் சாதி கேட்கிற வீடுகள் நம் எல்லாச் சபையிலும் உண்டு, எங்கள் சபையிலும் உண்டு. ஒரே வேரின் சாரத்தைக் குடிக்கிற கிளையைப் பார்த்து இன்னொரு கிளை, நீ எந்த மரத்துக் கொம்பு என்று கேட்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. திடப்படுத்தல் வகுப்பிலும் உறுதிபூசுதல் வகுப்பிலும் ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலும் இந்த ஒரு வசனத்துக்கு ஒரு முழுப் பாடம் ஒதுக்குங்கள். பத்துக் கட்டளைக்குப் பத்து வாரம் கொடுக்கிறோம், எதற்காக இரட்சிக்கப்பட்டோம் என்பதற்கு ஒரு வாரம் கொடுக்கக் கூடாதா? எண்பத்திரண்டாம் சங்கீதத்தைத் தொடுகிற பிரசங்கியார் கடைசி வரிவரை வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கட்டும். பயப்படுகிற உபதேசியாருக்கு நான் சொல்வது, நாம் பூட்டி வைத்தால் பிள்ளைகள் கேட்காமல் இருக்கப் போவதில்லை. யூடியூபில் கேட்பார்கள், அங்கே குட்டி தேவர்கள்தான் கிடைப்பார்கள்.

அப்புறம், அந்தக் கண்ணாடி. அய்யாவழிக்காரர்களுடைய கண்ணாடிக்கு விளக்கம் சொல்ல நான் ஆளில்லை, அதை அவர்களே சொல்லட்டும். பையனுக்கு நம் பக்கத்துக் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாம் கொரிந்தியர் மூன்றாம் அதிகாரம் பதினெட்டாம் வசனம்: "கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு", அந்தச் சாயலாகவே மறுரூபப்படுகிறோம் என்கிறது. நாம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவது அவர் முகம். பார்த்துக்கொண்டே இருக்க, மாறுவது நம் முகம். தெய்வமாகிவிடுவோமா என்று அவன் கேட்டதற்கு யோவானும் ஒரு பதில் வைத்திருக்கிறார். இனி எவ்விதமாயிருப்போம் என்று இன்னும் வெளிப்படவில்லை, ஆனால் அவருக்கு ஒப்பாயிருப்போம். எட்டாம் வகுப்புக்கு இது போதுமா, இன்னும் எளிதாய்ச் சொல்ல வழி உண்டா என்று உங்களைத்தான் கேட்கிறேன். படித்தவர்கள் நீங்கள்.

வருகிற சனிக்கிழமை தம்பியின் நாற்றங்காலில் கட்டு அவிழ்க்கிற நாள். நானூறு கன்று இருக்கிறது. பையனை வரச் சொல்லியிருக்கிறேன், முடிந்தால் கூட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னேன். நகத்தால் கீறிப் பார்க்கிற வேலையை அவர்களிடம் விடலாம் என்று தம்பி ஒத்துக்கொண்டான், மெதுவாய்க் கீறணும் என்ற ஒரே கண்டிஷனோடு. அதற்குள் உங்களில் யாராவது பதில் எழுதினால் அங்கேயே வாசித்துக் காட்டுவேன். நேரில் வந்தால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடுவோம், வெயில் ஏறினால் கன்றுக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்,
குலசேகரம் பக்கம்.